வழித் தகராறு வேறு, உங்கள் திருமணம் வேறு

கடிதம் எழுதியவர், கேரளத்தின் உடும்பஞ்சோலை வட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு மலைக் கிராமத்தில் வாழும் 20 வயதுத் தமிழ்ப் பெண். தேனி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில், விடுதியில் தங்கி, பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு படித்து வருகிறார். அவர் கேட்டுக்கொண்டபடி ஊரையும் கல்லூரியையும் குடும்பப் பெயரையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தாத்தாவும் அவர் விரும்பும் இளைஞரின் தாத்தாவும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒன்றாக மலையேறியவர்கள். 1997இல் ஒரே உரிமையாளரிடமிருந்து அடுத்தடுத்த இரண்டு ஏலக்காய்த் தோட்டங்களை வாங்கினார்கள். பல ஆண்டுகள் ஒரே ஜீப்பில் வேலையாட்களை ஏற்றி, ஒரே ஸ்டோரில் காய் உலர்த்தினார்கள். பிறகு, இளைஞரின் வீட்டாருக்குரிய மேல் தோட்டத்திலிருந்து ஜீப் ரோட்டுக்கு இறங்கும் வழியின் அகலம் பற்றிப் பேச்சு முற்றியது. 2009இல் கடிதம் எழுதியவரின் தந்தை அந்த வழியின் ஓரத்தைச் சேர்த்துப் படுதாக்குளம் (படுதா விரித்து நீர் தேக்கும் குளம்) வெட்டியபோது கைகலப்பு ஏற்பட்டு, இளைஞரின் சித்தப்பாவுக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. தந்தை 11 நாட்கள் சிறையில் இருந்தார். சாட்சிகள் பிறழ்ந்ததால் குற்ற வழக்கு விடுதலையில் முடிந்தது; வழி பற்றிய உரிமையியல் வழக்கு முன்சீப் கோர்ட்டில் இன்னும் நடக்கிறது. ஒரே சமூகத்தைச் சேர்ந்த, கொள்வினை கொடுப்பினைக்கு உரிய அந்த இரு வீடுகளும் அன்று முதல் நல்லது கெட்டதற்குப் போவதில்லை.

இருவரும் இரண்டு ஆண்டுகளாக விரும்புகிறார்கள். இளைஞருக்கும் வயது 20. வரும் தை மாதத்தில் 21 நிறைகிறது. பெண்ணின் அம்மாவுக்குச் செய்தி தெரிந்திருக்கிறது, ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. தந்தை கார்த்திகைக்குள் திருமணத்தை முடிக்க மாப்பிள்ளை பார்த்து வருகிறார். “பகையாளி வீட்டுக்கு நம்ம வீட்டுப் பிள்ளை போனால் அது உயிரோடு இருக்காது” என்று, வேறு யாரைப் பற்றியோ பேசும்போது அண்ணன் ஒருமுறை சொல்லியிருக்கிறார். கடிதத்தில் உள்ள கேள்விகள் இவை: “நாங்கள் இருவரும் மேஜர் என்பதால் உடனே கேரளத்தில் ரிஜிஸ்டர் மேரேஜ் செய்துகொள்ளலாமா? கேரளப் பக்கம் இருந்துவிட்டால் ஆபத்தில்லை என்கிறார்களே? எங்கள் திருமணம் நடந்தால் வழக்கும் பகையும் தீர்ந்துவிடும் என்று அவர் நம்புகிறார், நானும் நம்புகிறேன், இது சரிதானா? தாத்தா தோட்டத்தில் எனக்குள்ள பங்கு போய்விடுமா? அப்பாவிடம் நானே சொல்லலாமா?” இவற்றுக்கு நடுவே ஒரு வரியில், அப்பாவின் பெட்டியில் இருந்த பழைய சர்வே வரைபடத்தைப் படம் எடுத்து அந்த இளைஞருக்கு அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறார்.

அம்மா, உங்கள் கடிதம் பதறாமல், எதையும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது. எல்லையின் இருபுறத்திலிருந்தும் வரும் வழக்குகளை நீண்ட காலமாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: உங்கள் திருமணத்தையும் அந்த வழித் தகராறையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். கடிதம் முழுவதும் அவை இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் குடும்பத்தார் பகையைக் காரணம் காட்டி உங்கள் விருப்பத்தை மறுப்பார்கள். நீங்களோ உங்கள் விருப்பத்தைக் கொண்டு பகையைத் தீர்க்கப் பார்க்கிறீர்கள். இரண்டிலும் அந்த முடிச்சு இறுகுகிறதே தவிர அவிழவில்லை.

முதலில் அவருடைய வயது

இருவரும் மேஜர் என்பது உண்மை. ஆனால் வயது வந்தவர் ஆவதும் திருமண வயதை அடைவதும் ஆணுக்கு வேறு வேறு. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டமும் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வரையறுத்துள்ளன. ஆகவே தை மாதம் வரை எந்தப் பதிவு அலுவலகமும், கேரளமாக இருந்தாலும் தமிழ்நாடாக இருந்தாலும், உங்கள் திருமணத்தைப் பதிவு செய்யாது. இதைக் கேட்டதும் பலரும் அடுத்து நினைப்பது, கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். உங்கள் நிலைமையில் அது பெரிய தவறாகிவிடும்.

2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி 21 நிறையாத ஆணும் ‘குழந்தை’தான். அத்தகைய திருமணத்தை நடத்தி வைப்பவருக்கும், அதற்குத் துணை நிற்பவருக்கும் இரண்டு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். குற்றம் பிணையில் விட முடியாத வகையைச் சேர்ந்தது. இந்துத் திருமணச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி வயது நிபந்தனையை மீறி மணம் செய்துகொள்பவரே தண்டனைக்கு உள்ளாகலாம். பகை இல்லாத குடும்பங்களில் இதையெல்லாம் யாரும் தேடிப் படிப்பதில்லை. 2009 முதல் ஒருவரையொருவர் நீதிமன்றத்தில் சந்தித்து வரும் குடும்பங்கள் தேடிப் படிக்கும். உங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வரும் கல்லூரித் தோழியின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறுவதற்கு நீங்கள் காரணமாகிவிடக் கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கேரளத்திலேயே எழுந்த ஒரு வழக்கில், மணமகனுக்கு 21 நிறையவில்லை என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் வயது வந்த பெண்ணைத் தந்தையிடம் ஒப்படைத்தது. 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, அந்தத் திருமணம் செல்லாததாகிவிடாது என்றும், இருவரும் 18 வயதைக் கடந்தவர்கள் என்பதால் மணம் இல்லாமலும்கூடச் சேர்ந்து வாழும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும் கூறியது. அதே ஆண்டில், கேரளத்தைச் சேர்ந்த இன்னொரு பெண்ணின் வழக்கில், தன் துணையைத் தேர்ந்துகொள்வது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எனவே உங்கள் தந்தையின் சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை. இன்றும் தேவையில்லை, தை மாதத்திலும் தேவைப்படாது. உங்களுக்குத் தேவைப்படுவது ஏழு மாதக் காலம். அந்தக் காலத்தில் உங்கள் பட்டப்படிப்பும் முடியப் போகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ரிஜிஸ்டர் மேரேஜ் என்று நாம் பேச்சில் சொல்வதில் ஒரு குழப்பமும் இருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவாளர் முன்னிலையில் மணம் செய்வதென்றால், இருவரில் ஒருவர் 30 நாட்கள் குடியிருந்த மாவட்டத்தில் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அது அலுவலகப் பலகையில் 30 நாட்கள் தொங்கும். நிலையான முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்குள்ள அலுவலகத்துக்கும் நகல் போகும். உங்கள் விஷயத்தில் இடுக்கியிலும் தேனியிலும் உங்கள் பெயர்கள் பலகையில் இருக்கும். ஏலக்காய் விற்பனைக்காக வாரந்தோறும் மலைக்கும் போடிக்கும் போய்வரும் ஆட்கள் இரு வீட்டிலும் உள்ள நிலையில், இந்த வழி உங்களுக்கு ஏற்றதன்று. இருவரும் இந்துக்கள் என்பதால் தை மாதத்துக்குப் பிறகு இந்துத் திருமணச் சட்டமே போதும். அதற்குச் சடங்கு வேண்டும். சடங்கு இல்லாத வெறும் பதிவு இந்துத் திருமணம் ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 7அ பிரிவின்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும், ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொன்னாலும் அது முழுமையான திருமணம். ஊரறிய அறிவித்து நடத்த வேண்டியதில்லை என்பதையும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அப்படி மணந்த பின் தமிழ்நாட்டில் 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். இந்தச் சலுகை தமிழ்நாட்டுக்குள் நடக்கும் திருமணத்துக்கு மட்டுமே உரியது என்பதால், நீங்கள் நினைத்திருப்பதற்கு மாறாக, உங்களுக்கு எளிய வழி மலையடிவாரத்தில்தான் இருக்கிறது.

கேரளப் பக்கம் பாதுகாப்பு என்ற எண்ணம்

கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டுக் காவல் துறையின் கை நீளாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. ஒரு மாநிலத்தில் பதிவான வழக்குக்காக இன்னொரு மாநிலத்துக்கு வந்து, உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, விசாரிக்கவும் அழைத்துப் போகவும் காவல் துறைக்கு அதிகாரம் உண்டு. உங்கள் நிலையான முகவரியே கேரளத்தில் இருப்பதால், ‘பெண் காணவில்லை’ என்ற புகார் கேரளக் காவல் நிலையத்தில்தான் முதலில் பதிவாகும் என்பதையும் மறந்துவிட்டீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, கேரளத்தில் இத்தகைய கொடுமை நடக்காது என்ற நம்பிக்கை. 2018 மே மாதத்தில் கோட்டயத்து இளைஞர் ஒருவர், தான் விரும்பிய பெண்ணின் அண்ணன் உள்ளிட்ட கும்பலால் கடத்தப்பட்டு, தென்மலை அருகே பிணமாக மீட்கப்பட்டார். அவர் கடத்தப்பட்ட அன்று காலையிலேயே அந்தப் பெண் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் சொல்லியும் உடனே யாரும் கிளம்பவில்லை. 2019இல் கோட்டயம் அமர்வு நீதிமன்றம் அதை ஆணவக் கொலை என்று கூறி 10 பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2020 டிசம்பரில் பாலக்காட்டுத் தேங்குறிச்சியில், திருமணமாகி மூன்று மாதம் முடியும் முன்பே ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். பெண்ணின் தந்தையும் மாமாவும் 2024இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். அந்த இரண்டிலும் சாதியும் வசதியும் காரணமாக இருந்தன. உங்கள் வீட்டில் காரணம் வேறு. இரண்டு விரல்களும் 11 நாள் சிறையும் நினைவில் உறைந்திருக்கும் வீடுகளில் அந்த வேறுபாட்டை நம்பி இருந்துவிட முடியாது. உங்கள் அண்ணன் சொன்ன சொல்லைக் கோபத்தில் வந்த பேச்சு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் அதைச் சொன்ன நாள், இடம், கேட்டவர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு, வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணவக் குற்றங்களைத் தடுக்க மாநிலங்களுக்குத் தந்த வழிகாட்டுதல்களில், அச்சுறுத்தப்படும் இணையருக்குக் காவல் பாதுகாப்பும் பாதுகாப்பு இல்லமும் பற்றிப் பேசப்படுகிறது. அது பெரும்பாலும் சாதி, மதம் கடந்த திருமணங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நீங்கள் இருவரும் ஒரே சமூகம் என்பதால், ‘இது உங்கள் வீட்டுச் சண்டை, பேசி முடித்துக்கொள்ளுங்கள்’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பக்கூடும். அப்படி நேர்ந்தால் நிலையத்திலேயே நின்று வாதாட வேண்டாம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போகும்போது அந்த ஒப்புகைதான் உங்கள் கையில் இருக்கும் ஆவணம்.

கார்த்திகைக்குள் கட்டாயப்படுத்தினால்

தை வரை காத்திருங்கள் என்று எழுதிவிட்டு, கார்த்திகையில் வரக்கூடிய ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி ஆலோசனைதான் தந்தவன் ஆவேன். மாப்பிள்ளை வீட்டார் வரும் நிலை வந்தால், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். படிப்பை முடிக்க வேண்டும் என்பது உண்மையான, மதிக்கத்தக்க காரணம். அது ஒன்றே போதும், அந்த இடத்தில் காதலைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதையும் மீறி வற்புறுத்தினால், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம் கணவர் வீட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். பிறந்த வீட்டில் தந்தையாலும் அண்ணனாலும் அச்சுறுத்தப்படும் மகளும் அதன்கீழ் நீதித்துறை நடுவரிடம் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வற்புறுத்தித் தாலி கட்டப்பட்டாலும் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோர முடியும். வற்புறுத்தல் நீங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அந்த அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதே நல்லது.

உங்களை வீட்டில் அடைத்து வைத்தால், அந்த இளைஞரோ உங்கள் தோழியோ ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்யலாம். நீங்கள் கேரளத்தில் இருந்தால் எர்ணாகுளத்தில் உள்ள உயர் நீதிமன்றத்திலும், கம்பத்து உறவினர் வீட்டில் இருந்தால் மதுரை அமர்விலும் செய்ய வேண்டும். நீதிபதி உங்களிடம் கேட்கப்போவது, யாருடன் போக விரும்புகிறீர்கள் என்ற ஒரு கேள்வியைத்தான். நடுங்காமல் பதில் சொன்னால் அதற்கு மேல் யாரும் உங்களைத் தடுக்க முடியாது.

நீங்களே வெளியேற வேண்டிய நிலை வந்தால், உங்கள் உடைகளையும் சான்றிதழ்களையும் ஆதாரையும் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள். பாட்டி உங்களுக்கென்று கொடுத்த சங்கிலியாக இருந்தாலும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வயது வந்த பெண் தானாகப் போனால் கடத்தல் வழக்கு நிற்காது என்பது குடும்பத்தாருக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். அதற்கடுத்து அவர்கள் கொடுக்கும் புகார், நகையும் பணமும் களவு போயின என்பதாகத்தான் இருக்கும். அதில் முதல் எதிரியாக அந்த இளைஞரின் பெயரே இருக்கும். வெளியேறிய அன்றே, நீங்கள் உங்கள் விருப்பப்படிதான் வந்தீர்கள் என்பதை எழுதிக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பிவிட வேண்டும். தேவைப்பட்டால் நடுவர் முன்பு வாக்குமூலம் கொடுக்கவும் தயாராக இருங்கள். உங்கள் கைப்பேசி எண் அப்பாவின் பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இந்த மாதமே மாற்றி, உங்கள் பெயரில் ஓர் எண்ணும் வங்கிக் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இரண்டும் எல்லையின் இருபுறமும் இயங்குகின்றன.

நீங்கள் அனுப்பிய வரைபடம்

கடிதத்தில் ஒரு வரியில் நீங்கள் கடந்து போன இந்தச் செய்திதான் என்னை அதிகம் நிறுத்தியது. “அவர் கேட்கவில்லை, நானேதான் அனுப்பினேன், எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை என்று காட்ட” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வரைபடம் உங்கள் மனத்தைச் சேர்ந்ததன்று; நடந்துகொண்டிருக்கும் வழக்கில் ஒரு தரப்பின் கையில் உள்ள ஆவணம். அது நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வழக்குக் கட்டுக்குள் வந்து நின்றால், எங்கிருந்து வந்தது என்ற கேள்வி திறந்த நீதிமன்றத்தில் எழும். அன்று உங்கள் தந்தைக்கு வழக்கில் என்ன ஆனாலும், உங்கள் மீது வைத்திருந்த நம்பிக்கை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். பிற்காலத்தில் அவர் இந்தத் திருமணத்துக்கு மனம் இறங்கக்கூடிய ஒரே வாசலை நீங்களே அடைத்தவராவீர்கள்.

அந்தப் படத்தை அழித்துவிடும்படி இன்றே அவரிடம் சொல்லுங்கள். இதுவரை யாருக்கும் காட்டவில்லை என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது அவரைப் பற்றி எனக்கு நல்ல எண்ணத்தைத் தருகிறது. நீங்கள் கேட்டதும் மறுபேச்சின்றி அழித்தால் அந்த எண்ணம் உறுதிப்படும். இருக்கட்டும், பின்னால் உதவும் என்று சொன்னால், திருமணத்தைப் பற்றி யோசிக்கும் முன் அந்தப் பதிலை நீங்கள் நன்றாக யோசிக்க வேண்டும்.

திருமணம் நடந்தால் வழக்கு முடிந்துவிடும் என்ற நம்பிக்கையையும் இதே இடத்தில் பேசிவிடுகிறேன். அவருடைய பாட்டி விட்டுக்கொடுத்துவிடுவார் என்கிறீர்கள். விட்டுக்கொடுக்க வேண்டியது எதை என்று பாருங்கள். மேல் தோட்டத்துக்கு வேறு பாதை இல்லையென்றால், 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தேவையால் எழும் வழியுரிமையைத் தருகிறது. 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாகப் பயன்படுத்தி வந்த பாதைக்கு 15ஆம் பிரிவு உண்டு. 1997க்கும் 2009க்கும் இடையே 12 ஆண்டுகளே என்பதால் இரண்டாவது வாதம் நிற்பது கடினம். முதலாவதில் அகலம் எவ்வளவு என்பதே தகராறு. இது அளந்து தீர்க்க வேண்டிய விஷயம். மருமகள் வந்துவிட்டாள் என்பதற்காக ஜீப்புக்கு வேண்டிய அகலம் குறைந்துவிடாது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அந்த வீட்டுக்குள் நீங்கள் போனால், ஒவ்வொரு வாய்தாவும் உங்கள் அடுப்படி வரைக்கும் வரும். ‘உன் அப்பன்தானே’ என்ற சொல்லை, அந்தச் சித்தப்பா ஒரு தட்டை இடக்கையால் எடுத்துவைக்கும் ஒவ்வொரு முறையும், யாரும் சொல்லாமலே நீங்கள் கேட்பீர்கள்.

வழக்கைத் தீர்க்க வழி இல்லாமல் இல்லை. வட்டச் சட்டப் பணிகள் குழுவின் மூலம் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றத்துக்கு) அனுப்பக் கேட்கலாம். அங்கு ஏற்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். கேரளத்தில் நடந்துவரும் டிஜிட்டல் ரீசர்வே அந்தக் கிராமத்துக்கு வரும்போது இரு தரப்பும் உடனிருந்து அளக்கச் செய்யலாம். ஆனால் அந்த முயற்சியை எடுக்க வேண்டியவர்கள் வழக்கின் தரப்பினர். நீங்கள் தரப்பினர் அல்லர். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பெண்ணையும் வழியையும் ஒன்றாகப் பேசி முடிக்கலாம் என்று யாராவது வந்தால் அதற்கு உடன்படாதீர்கள். கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதமானது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைவிட முக்கியம், அந்தப் பேச்சில் நீங்கள் 8 அடிப் பாதைக்கு ஈடாக வைக்கப்படுவீர்கள்.

தோட்டத்தில் உங்கள் பங்கு

பாட்டன் சொத்தில் பேத்திக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று நம் ஊர்களில் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் இந்தத் தோட்டத்துக்கு அது பொருந்தாது. உங்கள் தாத்தா 1997இல் சொந்தப் பணத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்தார் என்றால், அவருடைய பங்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி உங்கள் தந்தைக்கும் அவருடன் பிறந்தவர்களுக்கும் பாட்டிக்கும் போயிருக்கும்; தந்தைக்கு வந்தது அவருடைய தனிச் சொத்து. மகள்களுக்குச் சம உரிமை தந்த 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக் குடும்பப் பூர்விகச் சொத்தைப் பற்றியது; இந்தத் தோட்டம் அந்த வகையில் வரவில்லை. தந்தை உயிரோடு இருக்கும்வரை உங்களுக்கு இதில் கேட்கத்தக்க பங்கு இல்லை, அவர் விரும்பினால் உயில் எழுதி வேறு யாருக்கும் தரலாம். அவர் உயில் எழுதாமல் காலமானால் அண்ணனுக்குச் சமமாக உங்களுக்கும் வரும். யாரை மணந்தீர்கள் என்பது அதைப் பாதிக்காது.

சொத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று கேட்கப்படலாம். இனிமேல் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் கைமாற்ற முடியாது என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. ஆனாலும் பணம் வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்தால் பின்னர் அதுவே உங்களுக்குத் தடையாகலாம். வழக்கறிஞர் படித்துப் பார்க்காத எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். அதே சமயம், சொத்தைப் பற்றி நீங்களாக ஒரு சொல்லும் பேசாதீர்கள். நீங்கள் பேசினால், பகையாளி வீடு தோட்டத்துக்காகத்தான் பெண்ணைப் பிடித்தது என்று உங்கள் வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள்.

சொத்தைவிட நீங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியது வேறொன்று. அவர் இப்போது தன் குடும்பத் தோட்டத்தில், சம்பளம் என்று தனியாக இல்லாமல், மருந்தடிப்பையும் ஸ்டோரையும் பார்த்துவருகிறார். அவர் வீட்டிலும் இந்தத் திருமணத்துக்கு எதிர்ப்பு வந்தால் அந்த வேலையும் இருக்காது. தை மாதத்தன்று உங்கள் இருவரில் ஒருவருக்காவது இரு குடும்பத்தையும் சாராத மாத வருமானமும், மலையிலோ கம்பத்திலோ அல்லாத ஓர் ஊரில் வாடகை வீடும் இருக்க வேண்டும். ஏழு மாதத்தில் இது முடியும் என்று நான் நம்புகிறேன். அது அமையாவிட்டால் தை மாதத்தையும் தள்ளிப்போடுங்கள்; 21 வயது முடிந்த மறுநாளே மணக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அப்பாவிடம் சொல்வது

சொல்லலாம், ஆனால் இப்போது வேண்டாம். கையில் பட்டமும், தனி எண்ணும், போய்த் தங்க ஓரிடமும் இருக்கும்போது சொல்லுங்கள். முதலில் உங்கள் தாய்மாமாவிடம் பேசுங்கள். அவர் 2009க்குப் பிறகும் அந்த வீட்டாருடன் சந்தையில் பேச்சை நிறுத்தவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா வாய் திறக்காமல் இருப்பதும் தன் உடன்பிறந்தவர் வருவார் என்று காத்திருப்பதால்கூட இருக்கலாம். மாமா உடன்பட்டால், அப்பாவை அவருடைய வீட்டுக்கு வரச் செய்து அங்கே சொல்லுங்கள். தோட்டத்தில் வேண்டாம், அண்ணன் இருக்கும் நேரத்தில் வேண்டாம், அந்த இளைஞரும் அன்று அந்த ஊரிலேயே இருக்க வேண்டாம். மாமாவே அஞ்சினாலோ, அப்பா கை நீட்டக்கூடியவர் என்று அவரே எச்சரித்தாலோ, நேரில் சொல்லும் எண்ணத்தைக் கைவிட்டு, வெளியே பாதுகாப்பாக இருந்தபடி கடிதம் எழுதுங்கள்.

அப்பா முதலில் கேட்கப்போவது உங்களைப் பற்றியன்று, அந்த 11 நாட்களைப் பற்றி. அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். அவர் பக்கத்து நியாயம் எதுவாக இருந்தாலும், அதை வீட்டில் யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு படுதாக்குளத்தையும் வழியையும் பேச்சில் இழுத்தால், அது வக்கீல் பார்த்துக்கொள்ள வேண்டியது, அதில் நான் யார் பக்கமும் சாட்சி இல்லை என்று சொல்லிவிட்டு, நீங்கள் யாரை மணக்க விரும்புகிறீர்கள் என்பதை மட்டும் மறுபடியும் சொல்லுங்கள்.